உங்களுக்குப் பிடித்த அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்த சீசனை எப்படித்தான் கடைசிவரை பார்த்தீர்கள்?

சிகாகோ ஒயிட் சாக்ஸ், 2024. மொத்தம் 162 ஆட்டம். 41 வெற்றி, 121 தோல்வி. 1900க்குப் பிறகு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்ற அணி வேறு கிடையாது. நான் அந்த அணியின் ரசிகன். எப்படிப் பார்த்தீர்கள் என்றால், ஜூன் வரை வருத்தத்தோடு, அதற்கப்புறம் கோபத்தோடு. கோபம் மைதானத்தில் நின்றவர்கள் மேல் இல்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு 121 என்ற எண் எவ்வளவு பெரியது என்று உடனே பிடிபடாது. ஐபிஎல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். இங்கே மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். இத்தனை ஆடும்போது அதிர்ஷ்டம் எல்லோர் பக்கமும் மாறி மாறி வரும். 2024இல் கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸே லீக் சுற்றில் 64 ஆட்டம் தோற்றார்கள். எவ்வளவு மட்டமான அணியும் மூன்றுக்கு ஒன்றாவது ஜெயித்துவிடும் என்பது இந்த விளையாட்டில் எழுதாத கணக்கு. எங்கள் ஆட்கள் நான்குக்கு ஒன்றுதான் ஜெயித்தார்கள். அடித்த ரன் 507, விட்டுக்கொடுத்தது 813. சும்மா அதிர்ஷ்டக் கட்டையால் இப்படித் தோற்க முடியாது. இதற்கு நாலைந்து வருட உழைப்பு வேண்டும்.

சிகாகோவில் இரண்டு அணிகள். வடக்கே கப்ஸ்: பழைய அழகான மைதானம், சுற்றுலாப் பயணிகள், விலை அதிகம். தெற்கே ஒயிட் சாக்ஸ்: ரெட் லைன் ரயிலில் 35ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் மைதானம், டிக்கெட் மலிவு. புதிதாக இந்த ஊருக்கு வந்து, வாடகை கட்டியபின் கையில் மிச்சம் அதிகமில்லாத ஒருவன் எந்தப் பக்கம் போவான்? அப்படித்தான் நான் தெற்குப் பக்கத்துக்காரன் ஆனேன். (இன்றைய போப் பதினான்காம் லியோவும் சாக்ஸ் ரசிகர்தான். 2005 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தது டிவி பதிவிலேயே இருக்கிறது. 2024இல் அவர் வேண்டிக்கொண்டாரா தெரியாது, வேண்டியிருந்தால் பலிக்கவில்லை.)

சீசன் தொடங்கி இரண்டு வாரம் முடிவதற்குள் எலாய் ஹிமெனெஸ், லூயிஸ் ராபர்ட், யோவான் மொன்காடா என்று நம்பியிருந்த மூன்று பேட்டர்களும் காயம்பட்டு உட்கார்ந்தார்கள். முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி, 22 தோல்வி. உடனே டாம்பா பே அணியை மூன்றுக்கு மூன்றும் ஜெயித்தார்கள். சரி, இனி தேறிவிடும் என்று நினைத்தோம். மே கடைசியில் தொடங்கி 14 தோல்வி வரிசையாக வந்தது.

அந்த வரிசையில் ஓர் ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். மே 23, பால்டிமோர் ஓரியோல்ஸுடன். கடைசி, அதாவது ஒன்பதாவது இன்னிங்ஸ். 6–8 என்று பின்தங்கியிருக்கிறோம், ஒருவர் அவுட், இரண்டு பேர் பேஸில் (ஓடிச் சேர வேண்டிய நிலைகளில்). பந்து நேரே மேலே எழும்பி இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பக்கம் இறங்குகிறது. இந்த மாதிரிப் பந்துக்குத் தனி விதி உண்டு: பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட். பிடிப்பவர் வேண்டுமென்றே நழுவவிட்டு இரண்டு பேரைச் சாய்க்கும் தந்திரத்தைத் தடுக்கத்தான் அந்த விதியே. ஆக அடித்தவர் ஏற்கனவே அவுட். இரண்டாவது பேஸில் இருந்த ஆண்ட்ரூ வான் திரும்பி நடக்கிறார். பந்து பிடிக்க வந்தவர் அவரைச் சுற்றிக்கொண்டு போய் நிதானமாகப் பிடித்தும்விட்டார். ஆனால் வான் இடைஞ்சல் செய்தார் என்று அம்பயர் அவரையும் அவுட் கொடுத்துவிட்டார். இரண்டு அவுட்டும் ஒரே பந்தில்; மூன்று அவுட் ஆகிவிட்டதால் இன்னிங்ஸும் ஆட்டமும் முடிந்தது. விதிப்புத்தகப்படி அம்பயர் சொன்னது சரியென்று வாதாடலாம். ஆனால் அணி விளங்காமல் போகிற காலத்தில்தான் இப்படிப்பட்ட விதிகள் எல்லாம் தேடிக்கொண்டு வந்து மேலே விழும்.

ஜூலை 10 தொடங்கி 21 தோல்வி. மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் எங்கள் பாதியான அமெரிக்கன் லீக் வரலாற்றில் அதற்கு முன் 1988இல் பால்டிமோர்தான் அப்படி 21 ஆட்டம் தோற்றிருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி ஓக்லண்டில் 5–1 என்று ஒருவழியாக ஜெயித்தார்கள். அதைக் கொண்டாடி முடிப்பதற்குள், இரண்டே நாளில், மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வேலையை விட்டுத் தூக்கினார்கள். பேஸ்பாலில் மேனேஜர் என்றால் தலைமைப் பயிற்சியாளர். அவர் நல்ல மேனேஜர் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஜூலைக் கடைசியில்தான் எரிக் ஃபெடி, மைக்கேல் கோபெக், டாமி ஃபாம், எலாய் ஹிமெனெஸ், பால் டியாங் எல்லோரையும் வேறு அணிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். கோபெக் போன இடம் டாட்ஜர்ஸ். அக்டோபரில் சாம்பியன் அணியில் இருந்தார். இருந்த ஆட்களையும் அனுப்பிவிட்டு ஏன் தோற்றாய் என்று கேட்டால் மனிதர் என்ன பதில் சொல்வார்? அவருக்குப் பதில் வந்த கிரேடி சைஸ்மோர் மிச்ச 45 ஆட்டத்தில் 13 ஜெயித்தார்.

அந்தக் கோடையில் எங்கள் மைதானத்தைப் பற்றி நாடு முழுக்க நல்லவிதமாகப் பேசிய ஒரே விஷயம் அங்கே விற்ற கேம்ப்ஃபயர் மில்க்‌ஷேக். நான் மிகைப்படுத்தவில்லை. குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 22 அன்று சான் டியாகோவில் 120ஆவது தோல்வி. 1962 நியூயார்க் மெட்ஸின் பழைய எண்ணைத் தொட்டாகிவிட்டது. அடுத்து சொந்த மைதானத்தில் மூன்று ஆட்டம். முதல் நாள் நானும் போயிருந்தேன். வந்த கூட்டத்தில் பாதிப்பேர் சாதனைத் தோல்வியை நேரில் பார்க்க வந்தவர்கள் போல இருந்தார்கள். எட்டாவது இன்னிங்ஸில் 0–2 என்று இருந்தபோது ‘டீமை வித்துடு, டீமை வித்துடு’ என்று முதலாளியை நோக்கிக் கோஷம். அதே இன்னிங்ஸில் எங்கள் ஆட்கள் மூன்று ரன் அடித்து ஜெயித்துத் தொலைத்தார்கள்! எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவருக்குச் சிரிப்பதா, திட்டுவதா தெரியவில்லை. ‘ஒரு ஆட்டத்தைக்கூட ஒழுங்காகத் தோற்கத் தெரியவில்லையே இவர்களுக்கு’ என்றார். அந்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். பிறகு டெட்ராய்ட் போய், 27ஆம் தேதி 1–4 என்று 121ஆவது தோல்வி. அதே வெற்றியால் டெட்ராய்ட் டைகர்ஸ் பத்து வருடத்துக்குப் பிறகு ப்ளேஆஃப் போனது. ஒரே மைதானத்தில் அவர்களுக்குத் திருவிழா, எங்களுக்கு எழவு. மிச்சமிருந்த இரண்டு ஆட்டத்தையும் சாக்ஸ் ஜெயித்தது. கடைசி ஆறில் ஐந்து வெற்றி! அந்தப் பையன்கள் ஆட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

விகிதம் பார்த்தால் மெட்ஸ்தான் இன்னும் மோசம் என்று நுணுக்கம் பேசுபவர்கள் உண்டு. மெட்ஸ் 160 ஆட்டத்தில் 40 வெற்றி, 25.0 சதவீதம், சாக்ஸ் 25.3. 1916 ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் 36 வெற்றி, 117 தோல்வி என்று அதைவிடக் கீழே. கணக்கு சரிதான். ஆனால் 1962 மெட்ஸ் அந்த வருடம்தான் பிறந்த அணி; மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களைச் சேர்த்துக் கட்டியது. சாக்ஸ் 1901 முதல் இருக்கும் அணி, நாட்டின் மூன்றாவது பெரிய நகரத்தில். மூன்றே வருடம் முன்னால், 2021இல், 93 ஆட்டம் ஜெயித்து பிரிவில் முதலிடம். அங்கிருந்து 81, 61, 41. ஆண்டுக்கு இருபது குறைந்ததைக் கவனித்தீர்களா? அடுத்த வருடம் 21 வரும் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்தார்கள்.

கதை 2016 டிசம்பரில் தொடங்குகிறது. அணியின் முதன்மைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், க்ரிஸ் சேல். அவரை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்து மொன்காடா, கோபெக் முதலான இளைஞர்களை வாங்கினார்கள். அடுத்த வருடம் இன்னொரு பிட்சரைக் கொடுத்து ஹிமெனெஸ், டிலன் சீஸ். இதை இங்கே ரீபில்டு என்பார்கள்: இன்றைய வெற்றியை விட்டுக்கொடுத்து நாளைக்கு ஒரு வலுவான அணி கட்டுவது. ரசிகர்களும் மூன்று வருடம் பொறுத்தோம். அணி 2020இல் தலைதூக்கியது. அப்போது முதலாளி ஜெரி ரைன்ஸ்டார்ஃப் என்ன செய்தார் தெரியுமா? ப்ளேஆஃப் வரை கொண்டுபோன மேனேஜரை அனுப்பிவிட்டு, ஒன்பது வருடம் களத்திலேயே இல்லாத 76 வயது டோனி லருசாவைக் கூட்டி வந்தார். 1986இல் லருசாவை வேலைநீக்கம் செய்ததை வாழ்நாள் வருத்தமாக வைத்திருந்தவர் அவர். தன் மனசாட்சிக்குப் பரிகாரம் செய்ய அணியைப் பயன்படுத்திக்கொண்டார் என்பது என் கருத்து. 2021 வெற்றிகூட அந்த இளைஞர்கள் கைவண்ணம்தான்.

காசு விஷயம் இன்னொன்று. பெரிய அணிகள் ஒருவருக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் போடும் காலத்தில், சாக்ஸ் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த ஐந்து வருட 7.5 கோடிதான். நல்ல ஆட்களைச் சுற்றி நிரப்ப வேண்டிய நேரத்தில் நிரப்பவில்லை. காயங்கள் வந்தன, மாற்று ஆட்கள் இல்லை. 2023 ஆகஸ்டில் நிர்வாகத்தில் நெடுநாள் இருந்த கென்னி வில்லியம்ஸையும் ரிக் ஹானையும் ரைன்ஸ்டார்ஃப் நீக்கினார். வெளியில் ஆள் தேடாமல் உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை மேலே ஏற்றினார். சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால் சீஸ் சான் டியாகோவுக்குப் போனார். 2024 முடிந்ததும் மொன்காடாவையும் விட்டுவிட்டார்கள். டிசம்பரில், அந்தப் படுமோசமான சீசனிலும் 209 ஸ்ட்ரைக்கவுட் (பேட்டரைப் பந்து வீசியே அவுட்டாக்குவது) எடுத்த பிட்சர் கேரட் க்ரோஷேயைக் கொடுத்து நான்கு இளைஞர்களை வாங்கினார்கள். யாரிடம்? அதே பாஸ்டனிடம். நகையை விற்று நிலம் வாங்கி, நிலத்தைத் தரிசாகப் போட்டு, மறுபடி நகையை விற்கும் குடும்பம் மாதிரி. இதில் கொடுமை, 2016இல் விற்ற அந்த க்ரிஸ் சேல் 2024இல் அட்லாண்டாவுக்கு ஆடி, நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார்.

இத்தனைக்கும் முதலாளிக்கு என்ன நஷ்டம்? ஐரோப்பியக் கால்பந்து மாதிரி கடைசியில் வந்தால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளும் முறை இங்கே இல்லை. தேசிய ஒளிபரப்புப் பணம் 30 அணிகளுக்கும் சமமாகப் பங்காகிறது. இவர் 1990களில் மைக்கேல் ஜோர்டனோடு ஆறு பட்டம் வென்ற சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணிக்கும் உரிமையாளர். பேஸ்பாலில் 2005 சாம்பியன் பட்டமும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் 1988இல் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டி மாநிலப் பணத்தில் மைதானம் கட்டிக்கொண்டவர், 121 ஆட்டம் தோற்ற அதே 2024இல் இன்னொரு புது மைதானத்துக்கும் பொதுப்பணம் கேட்டார். கேட்க மனம் வந்ததே, அதுதான் ஆச்சரியம்.

தோற்றால் அடுத்த வருடம் இளம் வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் முதல் இடம் கிடைக்குமே என்று கேட்பீர்கள். அதுவும் கிடைக்கவில்லை. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, பெரிய நகர அணிகள் அடுத்தடுத்த வருடம் முதல் ஆறு இடங்களுக்குள் வரக் கூடாது என்று ஒரு விதி. 2024இல் ஐந்தாவது இடம் வாங்கியாகிவிட்டதால், 2025இல் கடைசி அணிக்குக் கிடைத்தது பத்தாவது இடம்.

மீள முடியாத பள்ளமா என்றால், இல்லை. எங்கள் பிரிவிலேயே இருக்கும் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் 2023இல் 106 ஆட்டம் தோற்று, மறு வருடமே ப்ளேஆஃப் போனது. சாக்ஸைவிட அதுவும் பணக்கார அணி கிடையாது. பாபி விட் என்ற இளைஞருக்குப் பெரிய ஒப்பந்தம் போட்டார்கள், இரண்டு உருப்படியான பிட்சர்களை வாங்கினார்கள். அவ்வளவுதான். அந்த வருடம் எங்களோடு ஆடிய 13 ஆட்டத்தில் 12ஐ அவர்களே ஜெயித்தார்கள் என்பது வேறு விஷயம்.

2025இல் புது மேனேஜர் வில் வெனபிள். 60 வெற்றி, 102 தோல்வி. மூன்றாவது வருடமாக நூறு தோல்வி தாண்டியாயிற்று. ஆனால் பாஸ்டனிலிருந்து வந்த கைல் டீல், சேஸ் மைட்ரோத் போன்றவர்கள் ஆடுவதைப் பார்க்க நன்றாக இருந்தது. 21 வெற்றி என்ற கிண்டலும் பலிக்கவில்லை. அந்த வருடம் ஜூனில் இன்னொரு செய்தி வந்தது: ஜஸ்டின் இஷ்பியா என்ற முதலீட்டாளரிடம் அணியை ஒப்படைக்க ரைன்ஸ்டார்ஃப் ஒப்பந்தம் போட்டிருக்கிறார். ஆனால் கை மாறுவது சீக்கிரம் என்றாலும் 2029இல்தான். அதுவும் ரைன்ஸ்டார்ஃப் மனம் வைத்தால். 2034க்குப் பிறகுதான் இஷ்பியா தாமாகக் கேட்டு வாங்க முடியும். மைதானத்தில் கோஷம் போட்ட நாங்கள் தேதி குறிப்பிடாமல் விட்டுவிட்டோம் போலிருக்கிறது.