பெருமிதமும் போலி ஏடுகளும்

வணக்கம். மொழி ஆய்வு பற்றி எழுதும்போதெல்லாம் ரஷ்யன், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளை ஆய்ந்த அறிஞர்களை மிகுந்த மதிப்புடன் குறிப்பிடுகிறீர்கள். நான் படித்தவரை, 19ஆம் நூற்றாண்டின் தேசியவாதத்துக்கு ஆதாரம் தேடிக் கொடுத்ததுதான் அவர்கள் வேலை. பழம்பெருமைக்காக ஏடு புரட்டியவர்களை அறிஞர்கள் என்று எப்படிச் சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

தேசியப் பெருமிதம் அந்தத் துறைக்கு வேகம் கொடுத்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பெருமிதத்துக்கு வளைந்து கொடுக்காதவர்களால்தான் அது ஒரு துறையாக நிலைத்தது. செக் மக்களின் தலைநகரான பிராகில் நடந்ததைப் பாருங்கள்.

ஜெர்மானியர்களுக்கு நிபெலுங்கன் காவியம் இருக்கிறது, நமக்கு அப்படி ஒன்று இல்லையே என்ற ஏக்கம் செக் மக்களிடம் இருந்த காலம். 1817இல் வாட்ஸ்லாவ் ஹன்கா என்ற செக் மொழி ஆய்வாளர் ஒரு தேவாலயத்தில் பழைய பாடல் ஏடு ஒன்றைக் 'கண்டுபிடித்தார்'. அடுத்த ஆண்டே இன்னொன்று வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. செக் பழங்கதைகளில் வரும் இளவரசி லிபுஷே தீர்ப்பு வழங்கும் பாடல் அதில் இருந்தது. ஊரே கொண்டாடியது.

ஹன்காவின் ஆசிரியர் யோசெஃப் டொப்ரோவ்ஸ்கி. ஸ்லாவிய மொழி ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான். 1809இல் செக் இலக்கணமும் 1822இல் பழைய ஸ்லாவிய இலக்கணமும் எழுதியவர். முதல் ஏட்டை அவரும் நம்பினார். இரண்டாவதைப் பார்த்ததும் போலி என்று சொல்லிவிட்டார். 1824இல் அதை வெளிப்படையாக எழுதவும் செய்தார். அவருக்குக் கிடைத்தது வசைதான். ஜெர்மன் மொழியில் எழுதுகிறவருக்கு எங்கள் மொழி மீது என்ன பற்று இருக்கும் என்றார்கள். செக் மொழிக்கு இலக்கணம் எழுதிய மனிதரைப் பார்த்து இப்படிக் கேட்டதை இன்று படித்தாலும் மனம் கொதிக்கிறது.

அவர் 1829இல் இறந்துபோனார். 1840இல் மொழி அறிஞர் ஷஃபாரிக்கும் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கியும் சேர்ந்து அந்த இரண்டாவது ஏட்டை உண்மையானது என்று நிறுவ ஒரு நூலே போட்டார்கள். ஸ்லாவியத் தொல்வரலாறு பற்றிய ஷஃபாரிக்கின் நூல் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் பற்று அவர் கண்ணை மறைத்துவிட்டது.

1886இல் தத்துவப் பேராசிரியர் மசாரிக் நடத்திய இதழில் செக் மொழி ஆய்வாளர் யான் கெபாவர் மறுபடியும் கேள்வி எழுப்பினார். அவர் செய்தது பொறுமையான வேலை. ஐயத்துக்கு இடமில்லாத பழைய செக் ஏடுகளிலிருந்து வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் திரட்டி, இந்த இரண்டு ஏடுகளின் வடிவங்களை அவற்றோடு ஒப்பிட்டார். உண்மையான எந்த ஏட்டிலும் இல்லாத வடிவங்கள் இவற்றில் குவிந்து கிடந்தன. பத்திரிகைகள் இருவரையும் துரோகிகள் என்றன. அந்த மசாரிக்தான் 1918இல் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரானார்.

அப்புறம், கெபாவரின் உழைப்பு போலியை அம்பலப்படுத்தியதோடு நின்றுவிடவில்லை. அப்படி வருடக்கணக்கில் சேர்த்த சொல்வடிவங்களைக் கொண்டுதான் அவர் செக் மொழியின் வரலாற்று இலக்கணத்தை எழுதினார். அதன் முதல் பகுதி 1894இல் வந்தது.