செம்மரம், வேங்கை மரம் இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் என்ன பயன்?

முதுகலைக்கு ப்ராஜெக்ட் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 'அழியும் மரத்தை நடுவதை விட்டுவிட்டு லேபில் என்ன வேலை' என்று யாராவது கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள். காட்டைக் காப்பதுதான் முதல் வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, அதனால் அதைச் சொல்லிக்கொண்டு கீழே யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

செம்மரத்தில் மரபணு வேறுபாடு குறைவு என்றால், எதைவிடக் குறைவு? வேங்கையும் அதே டெரோகார்ப்பஸ் பேரினம். இரண்டிலும் மஞ்சள் பூ, தேனீதான் மகரந்தம் சுமக்கிறது, சிறகு வைத்த காய் காற்றில் போகிறது. ஆனால் செம்மரம் இயற்கையாக வளர்வது சேஷாசலம், வேலிகொண்டா என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும். வேங்கையோ இந்தியாவில் பல மாநிலங்களிலும் இலங்கையிலும் உண்டு. வாழும் விதம் ஒன்று, பரப்பு வேறு. அதனால்தான் வேங்கை நல்ல அளவுகோல்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஒரு நாற்றங்காலில் 'செம்மரம்' என்று அட்டை வைத்த வரிசையிலிருந்து சிற்றிலைகளைக் கிள்ளித் தந்தார்கள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட பையில் கொண்டுவந்தோம். 2 மாதிரிகளின் குளோரோபிளாஸ்ட் (இலையின் பச்சையத்தை வைத்திருக்கும் நுண்ணுறுப்பு, அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு) வரிசை அப்படியே வேங்கை! கலப்பினம் கிடைத்துவிட்டது என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் குளோரோபிளாஸ்ட் பெரும்பாலும் தாய்வழி மட்டும் வருவது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உட்கருவில் தாய், தந்தை இரண்டு வழியிலும் வரும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியையும் படித்தோம். கலப்பாக இருந்தால் இரண்டு இனமும் வேறுபடும் இடங்களில் வரிசையைப் படிக்கும் கருவி தரும் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகடு தெரிய வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஒற்றை முகடுதான், சுத்தமான வேங்கை. திரும்பப் போய்ப் பார்த்தால் அந்தக் கன்றுகளில் நீளவாட்டில் ஐந்தாறு சிற்றிலை, பக்கத்தில் நின்ற செம்மரக் கன்றில் மூன்றே, வட்டமாக, நுனியில் லேசான பள்ளத்தோடு. அந்தக் கன்றை வாங்கி நடும் விவசாயி 25 வருஷம் காத்திருந்து ஏமாந்திருப்பார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள், பெரிய மரத்தையும் கன்றையும் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். கிழட்டு மரத்தில், காட்டில் மரங்களை வெட்டித் தள்ளியதற்கு முந்தைய காலத்து மரபணு வேறுபாடு அப்படியே இருக்கும், இழப்பு முதலில் தெரிவது கன்றில்தான்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். வேங்கை மாதிரிகளுக்காக எங்களை மலையில் மூன்று நாள் மரம் மரமாகக் கூட்டிப்போன பெரியவர், "ஒரே மரத்தடியில பொறுக்காதப்பா, எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்க" என்றார். எந்தெந்த மரத்தில் மாதிரி எடுப்பது என்ற எங்கள் திட்டமே அந்த ஒரு வாக்கியம்தான். கட்டுரை அச்சானபோது நன்றியில் அவர் பெயர் இல்லை, இடமில்லை என்று எடுத்துவிட்டார்களாம். கடைசித் திருத்தத்தை நான் பார்க்காமல் விட்டது என் தப்பு. அவரிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை.