டிரெக்ட்எக்ஸ் 12 இருந்தும் கேம் திறக்கவில்லையே?

கேள்வி: ஜிபோர்ஸ் 210 கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினியில் கேம் தொடங்கும்போதே ‘ஃபீச்சர் லெவல் 11.0 தேவை’ என்று நின்றுவிடுகிறது. விண்டோசில் டிரெக்ட்எக்ஸ் 12 என்றுதானே காட்டுகிறது? – வாசகர், கொக்குவில்

பதில்: 12 என்பது விண்டோசில் உள்ள டிரெக்ட்எக்ஸ் மென்பொருளின் கணக்கு, கார்ட்டின் கணக்கு வேறு. கார்ட்டால் எந்த அளவு கிராஃபிக்ஸ் வசதிகளைத் தர முடியும் என்பதுதான் ‘ஃபீச்சர் லெவல்’. விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, ஆங்கிலத்தில் டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி என அடித்து, டிஸ்ப்ளே பக்கத்தில் ‘ஃபீச்சர் லெவல்ஸ்’ வரியை வடிவாகப் பாருங்கள். 210இல் 10.1க்கு மேல் வராது. டிரைவரை எத்தனை தரம் மாற்றினாலும் வீண்வேலைதான்.

கார்ட்டைத்தான் மாற்ற வேண்டும்; ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்ட் போதும். 75 வாட் மின்சாரம் எடுக்கும், தனி 6 பின் மின் இணைப்பு இல்லாத மொடலுக்கு 300 வாட் பவர் சப்ளை தாங்கும். யாழ்ப்பாணத்தில் பாவித்த கார்ட் வாங்கினால், அதில் நீல விஜிஏ துளை (பழைய வகை மொனிட்டர் கேபிள் செருகும் இடம்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் போலி. பூட்டியபின் மொனிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்ட்டிலேயே செருகுங்கள்.