தனி ஆளாக பேங்க் ஆப் செய்யலாமா?

கேள்வி: அக்கா, குடியாத்தத்தில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறேன். ராத்திரியில் யூடியூப் பார்த்து ஃப்ளட்டர் என்கிற ஆப் எழுதும் கருவியைக் கற்றுக்கொண்டேன். அம்மா எங்கள் தெரு மகளிர் குழுவில் ஊக்குநர். குழுவில் மொத்தம் 12 பேர், ஆளுக்கொரு பேங்க். எல்லாருடைய பேலன்ஸையும் ஒரே இடத்தில் பார்த்து, அங்கிருந்தே பணம் அனுப்புகிற மாதிரி ‘நம்ம பேங்க்’ என்று ஒரு ஆப் செய்கிறேன். ஸ்கிரீன் எல்லாம் முடிந்துவிட்டது. பேங்க் ஏபிஐ எங்கே வாங்குவது?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன் தம்பி. தொகையை அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டது அம்மா கண்ணாடி தேடக் கூடாது என்றுதானே? அதற்கே பாராட்ட வேண்டும். ஆனால் நீங்கள் கேட்கிற ஏபிஐ, அதாவது நம் ஆப் பேங்கின் கம்ப்யூட்டரோடு பேசுகிற வழி, தனி ஆளுக்குக் கிடைக்காது. உங்களுக்கு மட்டும் இல்லை, காட்பாடியில் உட்கார்ந்து பல வருஷமாகப் புரோகிராம் கோடு எழுதும் எனக்கும் கிடைக்காது.

2016-இல் யூபிஐ வந்தது. கூகுள் பேயும் போன்பேயும் பேங்க் இல்லைதான். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதைத் தாங்குகிற ஸ்பான்சர் பேங்க் நிற்கிறது, யூபிஐயை நடத்தும் என்பிசிஐயின் அனுமதி இருக்கிறது. நாம் பின் நம்பர் அடிக்கிற அந்தப் பக்கம்கூட என்பிசிஐ கொடுத்தது, ஆப்புக்கு அந்த நம்பர் தெரியாது. பேலன்ஸ் விவரத்தை நம் சம்மதத்தோடு வாங்க அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்று ஒரு வழி உண்டு. அதிலும் ரிசர்வ் வங்கி, செபி போன்ற ஏதாவது ஒரு நிதி ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வரும் நிறுவனம்தான் விவரத்தை வாங்க முடியும்.

இதைக் கேட்டதும் யாராவது உங்களுக்குக் குறுக்கு வழி சொல்வார்கள். ‘நெட்பேங்கிங் யூசர் நேம், பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள், உன் புரோகிராமே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்’ என்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பாஸ்வேர்டை வெளி ஆளிடம் கொடுத்துப் பணம் போனால், பேங்குக்குத் தகவல் சொல்லும் வரை ஆகிற நஷ்டம் வாடிக்கையாளருடையதுதான். ரிசர்வ் வங்கியின் 2017 விதி அப்படித்தான் சொல்கிறது. பன்னிரண்டு பெண்களின் சேமிப்பை வைத்து அந்தப் பரீட்சை வேண்டாம். அப்புறம், ‘நம்ம பேங்க்’ என்ற பெயரையும் மாற்றிவிடுங்கள். பேங்க் அல்லாதவர்கள் அந்தச் சொல்லைத் தொழில் பெயரில் வைக்க 1949-ஆம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் விடாது.

சரி, என்னதான் செய்யலாம்? குழுவின் கணக்கு நோட்டை ஆப்பாகச் செய்யுங்கள். சந்தா யார் கட்டினார், உள்கடன் யாரிடம் எவ்வளவு நிற்கிறது, வட்டி எவ்வளவு வந்தது. இதற்கு யாரிடமும் ஏபிஐ கேட்க வேண்டாம். லேசான வேலை என்றும் நினைக்க வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒடுகத்தூர் பக்கம் ஒரு சிறு சேமிப்புச் சங்கத்துக்கு வசூல் ஆப் எழுதிக் கொடுத்தேன். மலையடிவாரம், சிக்னல் வரும், போகும். வசூலுக்குப் போன பையன் ஒரு பாட்டியிடம் 500 ரூபாய் வாங்கி ‘சேமி’ பட்டனை அழுத்தியிருக்கிறான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்ப அழுத்தினான், இன்னொரு தரமும் அழுத்தினான். மேட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் மூன்றும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பாட்டி கணக்கில் 1,500, கைப்பையில் 500. அன்று சாயங்காலம் குறைந்த ஆயிரத்தை அந்தப் பையன் கைக்காசு போட்டுக் கட்டினான். அடுத்த வாரம் பாட்டியே பாஸ்புக்கோடு வந்துவிட்டார். “இன்னாம்மா இது, நான் ஒரு வாட்டிதானே குடுத்தேன், மூணு வாட்டின்னு போட்டுக்கீது?” அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என் தப்பு எப்போது தெரிந்திருக்குமோ. பையனுக்கு ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்.

திருத்தம் என்னவோ நாலு வரிதான். பதிவு ஸ்கிரீன் திறக்கும்போதே போன் ஒரு தனி எண்ணை உண்டாக்கிக்கொள்ளும். எத்தனை தரம் அழுத்தினாலும் அதே எண்தான் போகும், ஒரே எண் இரண்டாவது தரம் வந்தால் சர்வர் புதிதாக எழுதாது. பேங்குகளுக்கே இந்த நடுவழித் தொல்லை உண்டு. யூபிஐயில் ஒருவருக்குப் பணம் அனுப்பி, நம் கணக்கில் கழிந்து அவருக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும், தாமதித்தால் நாளைக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று 2019-இல் ரிசர்வ் வங்கி விதியே போட்டது.

தொகையைத் தசமத்தில் வைக்காதீர்கள், பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். ஃப்ளட்டரில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், சரியாக 0.3 வராது, ஏன் என்று புரியும். அப்படி வைத்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். ஆயிரம் ரூபாய் வட்டியை 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 83.33, நாலு பைசா மிஞ்சும். அது யாருக்கு என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். குழுக் கூட்டத்தில் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கோடு எழுதுங்கள்.

பணம் கட்ட, குழுக் கணக்கின் யூபிஐ ஐடியும் தொகையும் சேர்த்து ஒரு கியூஆர் காட்டலாம். அவரவர் தங்கள் ஆப்பில் ஸ்கேன் செய்து கட்டட்டும். பணம் வந்ததா என்று உங்கள் ஆப்புக்குத் தெரியாது, அம்மா பேங்க் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து ‘வந்தது’ என்று குறிக்க வேண்டும்.

ப்ளே ஸ்டோரில் பேங்கிங், கடன் ஆப்புகளை நிறுவனக் கணக்கில்தான் போடலாம். நோட்டு ஆப்புக்கு உங்கள் சொந்தக் கணக்கு போதும், 25 டாலர் ஒரே தடவை கட்டணம். புதிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் விடாமல் 14 நாள் சோதித்திருக்க வேண்டும். உங்களுக்கு ஆள் தேடும் வேலை இல்லை, அம்மா குழுவே சரியாக இருக்கிறது!

கேள்வி: என் மகன் எழுதிய வரவு செலவு ஆப்பை வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக அனுப்பியிருக்கிறான். போனில் போடலாமா?
– வாசகி, ஆற்காடு

பதில்: வேண்டாம்மா. மகன் மேல் சந்தேகம் இல்லை. டிராபிக் அபராதம், பேங்க் கேஒய்சி என்று சொல்லி மோசடிக்காரர்கள் அனுப்புவதும் இதே மாதிரி ஏபிகேதான். ஒருமுறை ‘அனுமதி’ கொடுத்துப் பழகினால் அடுத்த தடவை கை தானாக அழுத்திவிடும். அப்படி ஏதாவது நடந்து பணம் போனால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். ஆப்பை ப்ளே ஸ்டோரின் ‘இன்டர்னல் டெஸ்டிங்’கில் (வெளியிடும் முன் தெரிந்தவர்கள் மட்டும் சோதிக்கிற பகுதி) போட்டு லிங்க் அனுப்பும்படி மகனிடம் சொல்லுங்கள். 100 பேர் வரை சேர்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்தே கேளுங்கள்.