மருந்தடித்த வயலும் சினை பிடிக்காத பட்டியும்

வயலுக்கு மருந்தடிக்கும் காலம். இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் கடாக்களையும் நாம்பன்களையும் பற்றியவை.

கிண்ணியா: எருமைக் கடா மருந்தடித்த வயலின் வாய்க்காலில் தண்ணீர் குடித்தது. அப்போது ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பட்டியில் எருமைகள் சினை பிடிக்கவில்லை. தொடர்பு உண்டா?

இருக்கலாம். நுரை தள்ளவில்லை என்பதால் தப்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மாட்டிலும் எருமையிலும் விந்தணு உருவாகி வெளிவர ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். அன்று கெட்டது இன்றுதான் தெரியும். ஆனால் காய்ச்சலும் கடும் வெயிலும்கூட இதே வேலையைச் செய்யும். விந்தைப் பரிசோதிக்காமல் மருந்தின் மேல் பழி போட முடியாது.

தம்பலகாமம்: மருந்து பட்ட ஆட்டுக்கடா இனி உதவுமா?

எந்த மருந்து? எப்போது? குடித்ததா, மேலில் பட்டதா? ஒன்றையுமே எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? போத்தலை எறியாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன்! லேபலோடு மிருக வைத்தியரிடம் போங்கள். விரையில் விந்தணுவை உண்டாக்கும் மூலக் கலங்கள் தப்பியிருந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் தேறும். விரை சுருங்கியிருந்தால் நம்பிக்கை குறைவு.

கந்தளாய்: நாம்பனுக்கு உண்ணி. நெல்லுக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறது. கரைத்துத் தேய்க்கலாமா? பக்கத்துப் பட்டியில் தேய்க்கிறார்கள்.

கூடவே கூடாது. இதைப் பற்றி எழுதி எழுதிக் கை வலிக்கிறது. உண்ணி எங்கே கூடுதலாக அப்பும்? தொடை இடுக்கிலும் விரைப்பையிலும். நீங்களும் அங்கேதான் அழுத்தித் தேய்ப்பீர்கள். மனிதரில் பரதியோன் என்ற பூச்சி மருந்தை வைத்துச் செய்த ஆய்வில், முன்கைத் தோலைவிட விரைப்பைத் தோல் 10 மடங்குக்கு மேல் உறிஞ்சியது. பரதியோன் சேர்ந்த ஓர்கனோபொஸ்பேட் என்ற இனத்துப் பூச்சி மருந்துகள் எலிகளில் ஆண் ஹோர்மோனைக் குறைத்து, விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் கெடுத்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூதூர்ப் பக்கம் இப்படித் தேய்த்த ஒரு நாம்பன் அன்று மாலையே எச்சில் வடித்து, நடுங்கி விழுந்தது. நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஊசியில் உயிர் மீண்டது. ஆனால் அந்தப் போகம் முழுக்க ஒரு பசுவும் அதனால் சினைப்படவில்லை. பட்டிக்காரரின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. பயிர் மருந்து பயிருக்கு மட்டும். மாட்டுக்கென்றே முதுகில் ஊற்றும் உண்ணி மருந்து இருக்கிறது. அதையும் எடைக்கு ஏற்ற அளவில்தான் ஊற்ற வேண்டும். லேபலைப் பாருங்கள்.

மூதூர்: உண்ணிக்கு வேப்பெண்ணெய் பூசலாமா? இயற்கைதானே?

உடம்பில் அளவாகப் பூசலாம், விரைப்பையில் வேண்டாம். வேப்பெண்ணெய் விந்தணுவைக் கொல்லும் என்பது ஆய்வுகூடத்தில் கண்ட உண்மை.

குச்சவெளி: நுளம்புப் புகை அடித்த பிறகு முட்டைகள் பொரிக்கவில்லை. சேவல் கெட்டுவிட்டதா?

ஒரு மாலைப் புகையால் அப்படி ஆவது அரிது. முதலில் சேவலின் வயதைப் பாருங்கள். புகை வரும்போது தண்ணீரையும் தீனியையும் மூடி வையுங்கள்.

நிலாவெளி: தெளிகருவியை மாடு குடிக்கும் மடுவில் கழுவலாமா?

கூடாது. கழுவிய தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.