கேலிக்கு ஆளாகும் மாணவன்: ஆசிரியர் இன்றே செய்ய வேண்டியது

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். என் வகுப்பில் ஒரு மாணவனின் நடையையும் பேச்சையும் வைத்து மற்றவர்கள் ஓயாமல் கேலி செய்கிறார்கள். அவன் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. உண்மையா என்று எனக்குத் தெரியாது. போன வாரம் நோட்டுத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தில், 'நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி' என்று அவன் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவனிடம் பேசலாமா? பேசப்போய் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா? கேலியை எப்படி நிறுத்துவது?

பதில்: பேசுங்கள், இன்றே பேசுங்கள். கேலியை நிறுத்துவது அவசியம்தான், ஆனால் அது இரண்டாவது வேலை. அந்த ஒரு வரிக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பயம் பலருக்கும் உள்ளதுதான். ஆனால் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. யாராவது கேட்க மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கும் பிள்ளைகளே அதிகம். ஆசிரியர் திருத்தப்போகிற நோட்டில் அவன் அதை எழுதியிருக்கிறான் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் "மணி அடித்ததும் என்னை வந்து பார்" என்று சொல்லாதீர்கள். அதுவே அடுத்த கேலிக்குத் தீனியாகிவிடும். நோட்டைக் கொடுக்கும் சாக்கில் தனியாகக் கூப்பிடுங்கள். மற்ற ஆசிரியர்கள் வந்துபோகும் அறை வேண்டாம். உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "நீ எழுதியிருந்ததைப் படித்தேன்ப்பா. அதிலிருந்து உன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். செத்துப்போயிடலாம்னு தோணுதா?" 'தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?' என்று கேட்டால் 'இல்லை சார்' என்றுதான் பதில் வரும். கேள்வியிலேயே நீங்கள் இல்லை என்ற பதிலை எதிர்பார்ப்பது அவனுக்குத் தெரிந்துவிடும். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவன் அழுதால் அழட்டும். "உனக்கு என்ன குறை, அம்மா அப்பாவை நினைத்துப் பார்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். குற்ற உணர்ச்சி ஏற்கெனவே அவனிடம் நிறைய இருக்கும்.

ஆமாம் என்று சொன்னால், எப்படிச் செய்வதென்று யோசித்து வைத்திருக்கிறானா, எப்போது என்று தீர்மானித்திருக்கிறானா, அதற்கானது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றிருக்கிறானா என்று நிதானமாகக் கேளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் அவனை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. பள்ளியின் மனநல ஆலோசகர், அவர் இல்லையென்றால் தலைமையாசிரியர், அங்கிருந்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு என்று அன்றைக்கே நகர வேண்டும். எண்ணம் மட்டும் வந்து வந்து போகிறது என்றாலும் அன்றே ஆலோசகரிடம் நீங்களே கூட்டிப்போங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவர்களிடம் சொல்வேன். மற்றபடி உன் விஷயம் உன்னுடையது" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

ஆலோசகர் அவனோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்த முறை இது. எண்ணம் தலைதூக்குவதற்கு முன் என்னென்ன அறிகுறி தெரிகிறது, அப்போது தானே என்ன செய்து மனதைத் திருப்பலாம், யாரிடம் பேசலாம், நள்ளிரவில் எந்த உதவி எண்ணை அழைக்கலாம், வீட்டில் எதையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே தாளில், அவன் சொல்லச் சொல்ல, அவன் வார்த்தைகளிலேயே இருக்கும். அவசரப் பிரிவுக்கு வந்த பெரியவர்களிடம் இந்தத் திட்டத்தோடு தொலைபேசியில் தொடர்ந்து விசாரிப்பதையும் சேர்த்துச் செய்து பார்த்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை முயற்சி போன்ற செயல்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததாக 2018இல் வந்த ஆய்வு காட்டியது. அந்தத் தாளில் அவன் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

இந்தப் பேச்சில் நீங்கள் கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு. ஊர் பேசுவது உண்மையா என்று கேட்காதீர்கள். அவனைக் காப்பாற்ற உங்களுக்கு அந்தத் தகவல் தேவையில்லை. அவனுக்கே இன்னும் தெளிவில்லாமல் இருக்கலாம். அவனாகச் சொன்னால், "என்னை நம்பிச் சொன்னதற்கு நன்றி. உன்னிடம் எந்தக் கோளாறும் இல்லை" என்பது போதும். இது ஆறுதலுக்காகச் சொல்கிற பொய் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சொல்லும் சிகிச்சைகள் எதையும் மாற்றுவதில்லை. அவற்றில் சிக்கிய பிள்ளைகளிடம் தற்கொலை முயற்சி கூடுகிறது என்பதே தெரிந்த உண்மை.

சரி, பெற்றோர். நல்ல ஆசிரியர்கள்கூடத் தடுமாறுகிற இடம் இது. உயிருக்கு ஆபத்து என்பது ஒரு செய்தி, அவன் யாரை விரும்புகிறான் என்பது வேறொரு செய்தி. முதலாவதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. இரண்டாவதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. உரிமையை விடுங்கள், ஆபத்தைப் பாருங்கள்: கெயிட்லின் ரயனும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பதின்வயதில் குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்ட தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞர்கள், அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட 8 மடங்குக்கும் மேல் தற்கொலை முயற்சி செய்ததாகச் சொல்லியிருந்தார்கள். அவன் வீடு எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அதனால் அழைப்பதற்கு முன் அவனிடமே கேளுங்கள்: "வீட்டில் யாரிடம் முதலில் சொன்னால் உனக்கு நல்லது? என்ன சொல்லலாம், என்ன சொல்ல வேண்டாம்?" அம்மாவா, அக்காவா, தாத்தாவா என்று அவன் சொல்வான்.

பெற்றோரிடம் பேசும்போது இவ்வளவு போதும்: "பள்ளியில் பிள்ளைகள் இவனைத் தொடர்ந்து கேலி செய்கிறார்கள். அதைத் தடுப்பது எங்கள் பொறுப்பு. ஆனால் இவனுக்கு வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்திருக்கிறது. திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள், மருந்து மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், நாளை ஆலோசகரைப் பார்க்க வாருங்கள்." எதற்குக் கேலி என்று கேட்டால், நடையை, பேச்சைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள் என்று சொல்லுங்கள், அது உண்மைதான். இன்னும் துருவினால், "மற்றதை அவனாகச் சொல்லும்போது பொறுமையாகக் கேளுங்கள்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் அடிப்பார்கள், துரத்திவிடுவார்கள் என்று அவன் அஞ்சினால் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். ஆலோசகரையும் குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களையும் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கேலிக்கு வருவோம். பள்ளிகளில் நடக்கும் கொடுமையை 1970களில் முறையாக ஆராயத் தொடங்கிய டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. மூன்றாவதை மறந்துவிடுவதால்தான் நம் பள்ளிகளில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கைகுலுக்கவைத்து அனுப்புகிறார்கள். அவனுக்கு அது கூடுதல் தண்டனை. சண்டை போட்டவர்களைத்தான் சமாதானம் செய்யலாம், இங்கே சண்டையே இல்லை. அவனை வேறு பிரிவுக்கு மாற்றுவதும் வேண்டாம். சீண்டியவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, என்ன பார்த்தோம், இனி என்ன நடக்கக் கூடாது, மீறினால் என்ன ஆகும் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். கூட்டமாக நிறுத்தினால் ஒருவனைப் பார்த்து இன்னொருவன் சிரிப்பான்.

வகுப்பில் அந்த மாதிரி வார்த்தை காதில் விழுந்தால் அங்கேயே பாடத்தை நிறுத்துங்கள். "இந்த வகுப்பில் யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது" என்று ஒரே வரி, அப்புறம் பாடம் தொடரட்டும். "அவன் ஒன்றும் அப்படிப்பட்டவன் இல்லை" என்று மட்டும் பரிந்து பேசிவிடாதீர்கள். அப்படி இருந்தால் கேலி செய்யலாம் என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். பின் பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கேலி பெரும்பாலும் பெரியவர்கள் கண் படாத இடங்களில்தான் வளரும்: கழிப்பறை, விளையாட்டு நேரத்தில் உடை மாற்றும் அறை, பள்ளிப் பேருந்தின் கடைசி வரிசை, இரவில் வாட்ஸ்அப் குழு. எந்த இடத்துக்குப் போகப் பயப்படுகிறான் என்று அவனிடமே கேட்டு, அங்கே ஒரு பெரியவர் நிற்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

உடன் படிப்பவர்களை மறந்துவிடாதீர்கள். கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வெளியானது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவர் குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. எல்லோரையும் வீரனாக மாறச் சொல்ல வேண்டாம். நல்ல மனசுள்ள இரண்டு மூன்று பேரைத் தனியே கூப்பிட்டு, "மதியம் அவனோடு உட்காருங்கள், பேருந்தில் பக்கத்தில் இருங்கள்" என்று கேளுங்கள்.

சக ஆசிரியர்களிடமும் பேச வேண்டியிருக்கும். "ஆம்பளை மாதிரி நட" என்று ஆசிரியரே சொல்லும் பள்ளியில் பிள்ளைகளை மட்டும் திருத்த முடியாது. பள்ளி விதிகளில் பாலீர்ப்பைச் சொல்லிக் கேலி செய்யக் கூடாது என்று வெளிப்படையாக எழுதச் சொல்லித் தலைமையாசிரியரைக் கேளுங்கள். 'யாரையும் துன்புறுத்தக் கூடாது' என்ற பொது விதி போதாது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் பதினோராம் வகுப்பு மாணவர்களிடையே நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பாலீர்ப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட விதிகள் பரவலாக இருந்த பகுதிகளில்தான் தன்பாலீர்ப்பு மாணவர்களின் தற்கொலை முயற்சி குறைவாக இருந்தது. பொதுவான விதிகளோடு அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை.

ஒன்றைத் தவிருங்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில், கேலியால் உயிரை விட்ட பிள்ளை யாருடைய கதையையாவது உருக்கமாகச் சொல்லி மற்றவர்களைத் திருத்தப் பார்க்காதீர்கள். கேலிக்கு ஆளானால் அதுதான் முடிவு என்று உங்கள் மாணவன் காதில் விழும். மீண்டு வந்தவர்களே அதிகம் என்பதுதான் அவன் கேட்க வேண்டியது.

ஒருமுறை பேசியதோடு விட்டுவிடாதீர்கள். வாரம் ஒருமுறை, "அந்த எண்ணம் இந்த வாரம் வந்ததா?" என்று அதே நேரடியான குரலில் கேளுங்கள். ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது இருந்த பிள்ளைகளிடம் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பு 40 சதவீதம் குறைவு என்று, தன்பாலீர்ப்பு உள்ளிட்ட பாலினச் சிறுபான்மைப் பிள்ளைகளின் தற்கொலையைத் தடுக்க அமெரிக்காவில் இயங்கும் ட்ரெவர் பிராஜெக்ட் அமைப்பு அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2019இல் சொன்னது. தேர்வு முடிவு வரும் நாளிலும், நீண்ட விடுமுறை தொடங்கும் முன்பும் கூடுதல் கவனம் தேவை. விடுமுறையில் கேலி இருக்காது என்று நினைக்காதீர்கள், கைபேசி கையிலேயே இருக்கிறது. நீங்கள் கண்ணில் படாத அந்த வாரங்களில் அவன் யாரை அழைக்கலாம், அவர்கள் எடுக்காவிட்டால் அடுத்து யாரை என்று அவன் கையாலேயே அந்தப் பாதுகாப்புத் திட்டத் தாளில் எழுதவைத்து அனுப்புங்கள்.