ஓரத்தில் உட்கார்ந்தவனின் எண்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கோவில்பட்டி ஹாக்கி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் ஆடுவது வேறு ஹாக்கி. கம்ப்யூட்டரில் நடக்கும் ஐஸ் ஹாக்கி லீக். ஆளுக்கு ஓர் அணி. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை இறக்குவது என்பதெல்லாம் நம் பொறுப்பு. மேட்சை மென்பொருள் ஆடி முடித்து ஸ்கோரைச் சொல்லும். பத்து அணிகள் இருந்த லீக்கில் இரண்டு புது அணிகளைச் சேர்த்தார்கள். ஒன்று என்னுடையது. பழைய அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களிலிருந்து ஆள் எடுத்தேன். இரண்டு சீசனிலும் கடைசி இடம். வருடா வருடம் புதுப் பையன்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வோர் அணிக்கும் உண்டு. அதில் அடுத்த மூன்று வருடத்து முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, 34, 35 வயதுப் பெரிய பெயர்களை வாங்கியும் பார்த்தேன். மென்பொருளே புது அணிகளுக்கு எதிராக இருக்கிறதோ? கோல்கீப்பரை விற்றுவிடலாமா? இல்லை, அணியையே யாரிடமாவது கொடுத்துவிட்டு விலகிவிடலாமா?

ச., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கயத்தாறு பக்கம் போயிருந்தேன். சின்ன வயதில் நாங்கள் ஹாக்கி ஆடிய பொட்டல் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அன்றிலிருந்து ஒரே அந்த நினைப்புதான். திரும்பி வந்தால் உங்கள் கடிதம்.

மென்பொருளுக்கு உங்கள்மேல் ஒரு பகையும் கிடையாது. அந்தப் பேச்சை விடுங்கள்.

மூன்று வருடத்து முதல் சுற்றை விற்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. விதைநெல்லை அவித்துத் தின்றுவிட்டு மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்கிறீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் நிஜ ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லில் 1972இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் என்று ஒரு புது அணி வந்தது. முதல் சீசனில் 78 ஆட்டங்களில் ஜெயித்தது 12. இரண்டாவது சீசனிலும் தன் பிரிவில் கடைசி. உங்கள் கதைதான். ஆனால் அந்த அணியை நடத்திய பில் டோரி, 1973இல் கைக்கு வந்த முதல் தேர்வை விற்கவில்லை. மாண்ட்ரியல் அணி அதைக் கேட்டுப் பார்த்தது, ஆசை காட்டியது. அவர் அசையாமல் டெனிஸ் பாட்வின் என்ற பையனை எடுத்தார். 1980 முதல் 1983 வரை தொடர்ந்து நான்கு கோப்பை. டோரி 1992 வரை அந்த நாற்காலியில் இருந்தார். இரண்டாவது வருடத்தில் யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று அவர் யாருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

சரி, கோபம் போதும். நீங்கள் கடைசியில் நிற்பதில் உங்கள் தப்பு பாதிதான். மீதி, விதி போட்டவர்கள் கையில் இருக்கிறது. 1967இல் அதே லீக்கில் ஆறு அணிகள் பன்னிரண்டாயின. புது ஆறையும் ஒரே பிரிவில் போட்டதால், அதில் ஒன்று எப்படியும் இறுதிக்கு வந்தாக வேண்டும். செயின்ட் லூயிஸ் புளூஸ் 1968, 1969, 1970 மூன்று வருடமும் வந்தது. பன்னிரண்டு இறுதி ஆட்டங்கள், பன்னிரண்டிலும் தோல்வி. ஆறு வீட்டில் மிஞ்சியதை ஆறு பேர் பங்கு போட்டால் வேறென்ன கிடைக்கும்? 2017இல் வேகாஸ் என்ற புது அணி வந்தபோது முப்பது வீட்டில் மிஞ்சியது ஒரே ஒருவருக்கு. ஒவ்வொரு பழைய அணியும் ஏழு ஃபார்வர்ட், மூன்று டிஃபென்ஸ், ஒரு கீப்பரை மட்டும் காத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எட்டு ஆட்டக்காரர்களும் ஒரு கீப்பரும். அந்தக் கணக்கில் பழைய அணிகள் பதறிப்போய், இவனைத் தொடாதே, அவனை எடுத்துக்கொள், கூட இதையும் தருகிறேன் என்று அள்ளிக் கொடுத்தன. முதல் சீசனிலேயே வேகாஸ் இறுதிக்கு வந்தது. அங்கே அதைத் தோற்கடித்தது யார் தெரியுமா? 1974இல் புது அணியாக வந்து, முதல் சீசனில் 80 ஆட்டங்களில் எட்டே எட்டு ஜெயித்த வாஷிங்டன். அவர்களுக்கு 2018இல் கிடைத்ததுதான் முதல் கோப்பை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த வேகாஸில் வில்லியம் கார்ல்சன் என்று ஒருவர். கொலம்பஸ் அணியில் முந்தின சீசனில் அடித்தது ஆறு கோல். கொலம்பஸ் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தது. வேகாஸில் முதல் சீசனில் 43 கோல். இப்போது உங்கள் மென்பொருளிடம் 2017 கார்ல்சனைக் கொடுங்கள். ஆறு கோல் ஆளுக்கு என்ன எண் போடுமோ அதைத்தான் போடும். அதில் தப்பில்லை. ஆனால் அந்த எண் அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த காலத்து எண். கூடுதலாக ஐந்து நிமிடம் பனியில் விட்டால் என்ன செய்வார், வேண்டாம் என்றவர்களைக் கண்டால் அவருக்குள் என்ன கிளம்பும் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது. வேகாஸ் ஆட்கள் தங்களையே ஒதுக்கப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதைச் சொல்லிக்கொள்ள மனுசன் வேண்டும். கம்ப்யூட்டரில் ஒதுக்கப்பட்டவன் கடைசிவரை ஒதுக்கப்பட்டவன்தான். அதனால்தான் அங்கே புது அணிக்கு வளர்கிற பையன்களை விட்டால் வேறு வழியில்லை, நீங்கள் அவர்களை வரும் முன்னாலேயே விற்றுவிட்டீர்கள்.

1979. அப்போது கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டம்தான். எங்கள் ஊரில் ஏற்கெனவே ஓர் அணி இருந்தது. அதில் இடம் கிடைக்காதவர்களைச் சேர்த்து, மில்லில் வேலை பார்த்த ஓர் அண்ணன் இன்னொரு அணி ஆரம்பித்தார். பாதிப் பேருக்குக் கருவேலங்கம்பை வளைவு பார்த்து வெட்டிய மட்டை. மீதிக்குப் பழைய அணி தூக்கிப்போட்ட மட்டையில் சணல் சுற்றிக்கொண்டோம். எங்களோடு ஒரு பையன். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டுப் பொழுது சாயத்தான் வருவான், கையெல்லாம் மருந்து வாடை. பழைய அணியில் அவனுக்கு வேலை பந்து பொறுக்குவது. அண்ணன் அவனைப் பார்த்து, "ஏல, நீ சென்டர் ஹாஃப் நில்லுல" என்றார். பழைய அணியோடு முதல் மேட்ச், ஏழு கோலில் தோற்றோம். மறு வருடம் ஒன்றுக்கொன்று. அன்றைக்கு அவனைத் தாண்டிப் பந்து போனது ஒரே ஒரு தடவை.

மூன்றாவது வருடம் அண்ணனுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை, போய்விட்டார். வேறொருவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் அணி கலைந்தது. பழைய அணிக்காரர்கள் அவனை மட்டும் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை, அப்புறம் மட்டையைத் தொடவும் இல்லை. எனக்கு அந்த அண்ணன்மேல் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

உங்கள் அணியில் பையன்கள் இல்லை, வெறும் எண்கள் என்று சொல்வீர்கள். மீதிப் பதினொரு அணிக்குப் பின்னால் பதினொரு பேர் இருக்கிறார்களே, தம்பி? ராத்திரி உட்கார்ந்து உங்களோடு ஆள் மாற்றப் பேரம் பேசுகிறவர்கள். நீங்கள் விலகினால் அந்த நாற்காலிக்கு ஆள் தேடவேண்டும். வருகிறவர் நீங்கள் விற்றுத் தீர்த்த தேர்வுகளையும் முப்பத்தைந்து வயதுக்காரர்களையும் பார்த்துவிட்டு எத்தனை நாள் தங்குவார்? இன்னும் மூன்று சீசன் இருங்கள். அந்தப் பெரிய பெயர்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, இரண்டாம் சுற்றானாலும் மூன்றாம் சுற்றானாலும் தேர்வுகளாக வாங்குங்கள்.

கோல்கீப்பரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்கு என்ன வயது என்று எழுதவில்லை. 25க்குள் என்றால் விற்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணாச்சி